பஸ்ராச் செங்கல்

சேலம் ஜங்ஷனில் நான் இறங்கினேன். என் டிரங்குப் பெட்டி இறங்கவில்லை. ஈரோட்டில் வண்டி மாறியபோது கூலியாள் அதை எங்கோ ஏற்றிவிட்டதால், அது தன் பாட்டில் ஜோலார்பேட்டைப் பக்கம் பயணமாகிவிட்டது. ஸ்டேஷன் குமாஸ்தா துளியும் கலங்கவில்லை. "வண்டி ஒரு எடத்துல நின்னுதானுங்களே ஆகோணும்? பெட்டியும் அங்கியே நிக்கும்" என்றார். மாற்றுடை, சவர்க்காரம், தூரிகைகள், படி எடுக்கும் தாள் எல்லாம் அதற்குள் இருந்தன. பெட்டி ஆறு நாள் கழித்துக் கிடைத்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். கொழும்பில் ஒரு நூதனசாலையில் படம் வரைகிற வேலை. கல்லிலும் செம்பிலும் கிடக்கிற பழைய எழுத்துகளை உள்ளது உள்ளபடி தாளில் இறக்கிக் கொடுப்பேன். எங்கள் துரைக்கு ஆப்பு எழுத்தென்றால் பைத்தியம். பாபிலோன் தேசத்தார் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் ஈரக் களிமண்ணில் குத்திய எழுத்து அது. சின்னச் சின்ன ஆணிகளைச் சாய்த்து வைத்தாற்போல இருக்கும்.

சேலத்துப் பாதிரியார் ஒருவர் துரைக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று. அதன் சந்தை முகப்பில் ஒரு சதுரத் தூண். ஐரோப்பாவில் மூண்ட பெரிய சண்டைக்கு அந்த ஊரிலிருந்து போனவர்களின் நினைவாக அரசாங்கம் கொடுத்த சலவைக்கல் பலகை அதில் பதித்திருந்தது. பலகைக்கு மேலே ஓர் அரைச் செங்கல். செங்கல்லில் ஆப்பு எழுத்து!

"பாபிலோன் செங்கல்லுக்குக் காவேரிக் கரையில் என்ன வேலை? போய்ப் படி எடுத்துக்கொண்டு வா" என்று துரை என்னைக் கப்பலேற்றிவிட்டார். மேல் இரண்டு வரியை அவர் போட்டோவிலேயே படித்துவிட்டார். ஒரு ராஜாவின் பெயர், அவன் தகப்பன் பெயர். மூன்றாவது வரி மங்கல். அதற்காகத்தான் நான் கடல் கடந்தேன்.

முதல் நாள் சேலத்தில் கழிந்தது. கலெக்டர் கச்சேரியில் ஊர் மணியக்காரருக்கு ஒரு கடிதம் வாங்கினேன். கடைவீதியில் ஒரு சேலத்து வேட்டியும், படி எடுக்கத் தோதாகத் தடித்த ஒற்றுத்தாளும் வாங்கினேன். பிறகு மாம்பழம். எங்கள் ஊர்க் கறுத்தக்கொழும்பானை மிஞ்சிய பழம் உலகத்தில் இல்லை என்று நான் பேசத் தெரிந்த நாள் முதல் சொல்லி வருகிறவன். சேலத்து மல்கோவா ஒன்றைத் தின்றபோதும் அப்படியே சொன்னேன். இரண்டாவதைத் தின்றபோது ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதை அறுத்துத் தந்த கடைக்காரர், "உங்க ஊர்ப் பழம் எப்படீங்க இருக்கும்?" என்று கேட்டார். "அதுவும் நல்லாய்த்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்தேன். யாழ்ப்பாணத்தில் இதை யாரும் வாசிக்காமல் இருக்கக் கடவது.

மறுநாள் காலை மோட்டார் பஸ். டிரைவர் பெயர் காளியண்ணன். நாற்பது வயதிருக்கும், அகன்ற முகம், முறுக்கிய மீசை. எனக்குத் தம் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். வண்டி கிளம்பும் முன்னே, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் சட்டென்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகூப்பினார். எங்கள் பக்கம் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்போம் என்று விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்படீங்களா! நான் மந்திரஞ் சொல்றீங்கன்னு நெனச்சுட்டனுங்க" என்று வண்டி அதிரச் சிரித்தார். பிற்பாடு யார் ஏறினாலும், "இவரு ஓம் ஓம்னு சொன்னா கும்புடாதீங்க, அவுக ஊர்ல அது ஆமாங்கிறது" என்று அறிவித்துக்கொண்டே வந்தார்.

நல்ல பேச்சுக்காரர். மோட்டார் ஓட்டக் கற்றது எங்கே என்று கேட்டதற்கு, "பஸ்ராவுலீங்க" என்றார். சண்டைக் காலத்தில் மெசபடோமியாவில் பட்டாளத்து லாரி ஓட்டியவராம். அந்த ஊர்ப் பேரீச்சம்பழம், மணல் காற்று, கறுப்பு அங்கி போட்ட பெண்கள், ஆற்றில் மிதக்கிற வட்டப் பரிசல் என்று நாமக்கல் வரையில் கதை ஓடிற்று. "நம்ம காவேரிப் பரிசலேதானுங்க. என்ன, தார் பூசியிருப்பாங்க" என்றார்.

நாமக்கல்லில் வண்டி நின்றது. ஒற்றைப் பாறை ஊருக்கு நடுவே பென்னம்பெரிதாக உட்கார்ந்திருந்தது. அதன் உச்சியில் கோட்டை. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் காப்பி குடித்தோம். மெசபடோமியாவுக்கே போய்வந்த மனிதர் அகப்பட்ட சந்தோஷத்தில், நான் வந்த காரியத்தை அவரிடம் சொன்னேன். தூண், செங்கல், எழுத்து, எங்கள் துரை எல்லாவற்றையும்.

காளியண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "அத உங்களுக்குப் படிக்கத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. எங்கடை துரைக்குத் தெரியும். ரெண்டு வரி ஏற்கெனவே வாசிச்சுச் சொல்லியிருக்கிறார்."

"ஓ" என்றார். காப்பியை முடிக்காமலே எழுந்து வண்டிக்குப் போனார்.

பேச்சு நின்றதும் வண்டியும் நிற்கத் தொடங்கியது. நாமக்கல் தாண்டியதும் முதல் தடவை. கீழே இறங்கி மூடியைத் திறந்து, "காத்தடைச்சுப் போச்சு" என்றார். பரமத்திக்கு இப்பால் இரண்டாந் தடவை. "தண்ணி சூடாயிருச்சு." மூன்றாந் தடவை காரணமே சொல்லவில்லை, இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கத்தரிக்காய்க் கூடையோடு பின்னால் இருந்த பெரியவர், "இந்த வண்டி ஒரு நாளும் இப்படிப் பண்ணாதுங்களே" என்று ஆச்சரியப்பட்டார். யாழ்ப்பாணத்துப் பஸ்களோடு பழகிய எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் மர நிழலில் நன்றாகத் தூங்கினேன்.

பொழுது சாயும் நேரம் ஊர் போய்ச் சேர்ந்தோம். மணியக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, "எழுதறது எழுதுங்க. ஆனா எங்க ஊர்ப் பேரப் போட்டுப் போடாதீங்க. அப்புறம் ஒவ்வொரு தொரையா செங்கல்லக் கேட்டு வருவாங்க" என்றார். அதனால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். தங்க இடம் பள்ளிக்கூடத்தில். சாப்பாடு செல்லம்மாள் வீட்டில். "அந்தக் கல்லு அவுக ஊட்டுக் கல்லு. விருந்தாளியும் அவுக ஊட்டு விருந்தாளிதானே" என்றார் மணியக்காரர்.

செல்லம்மாளுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வெற்றிலைக் கொடிக்காலில் புருஷனுக்குச் சரியாக நின்று வேலை செய்கிறவர். உரத்த குரல், வேகமான நடை. மூன்றாம் நாள் காலை எனக்குச் சந்தகை செய்து போட்டார். பார்த்தால் எங்கள் இடியப்பந்தான். ஆனால் நாங்கள் மாவைப் பிழிந்து பிறகு அவிக்கிறோம். இவர்கள் அவித்துவிட்டுப் பிறகு பிழிகிறார்கள். சொதிக்குப் பதில் தேங்காய்ப்பாலும் வெல்லமும். நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, "வேகாத மாவையா புழிவாங்க? ஒட்டிக்காதுங்களா?" என்று செல்லம்மாள் எங்கள் ஊருக்காக உண்மையாகவே கவலைப்பட்டார்.

பிறகு தூணுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கருங்கல்லும் காரையுமாகக் கட்டிய, ஆள் உயரத்துக்குச் சற்று மேலான தூண். சலவைக்கல்லில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இந்த ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இருவர் உயிர் துறந்தனர். அதற்கு மேலே செங்கல். போட்டோ எடுத்த பிறகு அதன் மேல் இன்னும் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் விரற்கடைத் தடிப்புக்கு அப்பியிருந்தன.

"கழுவலாமா?" என்று கேட்டேன்.

"கழுவுங்க. நானே தண்ணி கொண்டாரேன். நாளைக்குச் சந்தைங்க, சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அவுங்க முன்னால கழுவி, நீங்க படிச்சுச் சொல்லோணும்."

"என்னத்தைப் படிச்சு?"

"எங்கண்ணன் பேருங்க!" என்றார் செல்லம்மாள். "மாரப்பன். அவன் அந்தத் தேசத்துலயே போயிட்டான். காச்சலுங்க. சாம்பல்கூட வல்லீங்க. காளியண்ணந்தான் இதக் கொண்டாந்து எங்கம்மா கையில குடுத்தாரு. அந்த ஊர் எழுத்துல மாரப்பன் பேர வெட்டிக் குடுத்திருக்காங்கன்னாரு. தூணு கட்டறப்ப இதயும் மேல வெக்கச் சொன்ன எங்கம்மா, சாகற வரைக்கும் தெனம் வந்து தொட்டுட்டுப் போவாங்க. இத்தன வருசத்துல யாரும் படிச்சுச் சொன்னதில்லீங்க. நீங்கதான் மொதல்ல வந்திருக்கீங்க."

புளியமரத்தடியில் வண்டி ஏன் நின்றது என்று எனக்கு விளங்கிற்று.

அன்று மாலை ராஜவாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தேன். கடலில் குளித்துப் பழகினவனுக்கு அந்தத் தண்ணீர் கற்கண்டு. தலையைத் துவட்டும்போது காளியண்ணன் படியில் வந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சு போச்சுங்களா?"

"ஓம்" என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"அந்தம்மா என்னப் பாத்து, எல்லாரும் வந்துட்டாங்க, எம் பையனோடது என்ன கொண்டாந்தேன்னு கேட்டாங்க. பையில இருந்தது இது ஒண்ணுதானுங்க. எடுத்து நீட்டிட்டேன். கோழிக்கால் மாதிரி இருக்குதே, என்னன்னு கேட்டாங்க. பேருன்னு வாயில வந்துருச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு மாரப்பன்னு சொல்லிப்போடுங்க, சாமி. ஒரு வார்த்த தானுங்களே. ஆருக்குத் தெரியப் போகுது?"

நான் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எழுத்துகளை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுப்பதே என் பிழைப்பு. ஒரு கால் கூட்டிப் போட்டாலும் துரை கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இது தாளில் எழுதுகிற பொய் இல்லையே. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் படுத்துக்கொண்டு யோசித்து, கடைசியில் கோழையின் வழியைத் தேர்ந்துகொண்டேன்: 'எழுத்துத் தேய்ந்துவிட்டது, வாசிக்க முடியவில்லை' என்று சொல்லிவிடுவது.

நாலாம் நாள். சந்தை காலையிலேயே கூடிவிட்டது. வெற்றிலைக் கவுளிகள், வாழைத்தார்கள், வெல்லம், ஆடு, கோழி. தூணைச் சுற்றி முப்பது நாற்பது பேர். செல்லம்மாள் புதுப் புடவை கட்டியிருந்தார். குடத்துத் தண்ணீரை அவர் ஊற்ற ஊற்ற நான் மெல்லத் தேய்த்துக் கழுவினேன். மஞ்சளுக்கும் எண்ணெய்க்கும் அடியிலிருந்து எழுத்து வெளிப்பட்டது. நேற்றுக் குத்தியது போல அவ்வளவு தெளிவு! மூன்றாவது வரியும் முழுசாக இருந்தது. தேய்ந்துவிட்டது என்று ஒரு குருடனிடங்கூடச் சொல்ல முடியாது.

ஈர ஒற்றுத்தாளை மேலே வைத்துத் தட்டினேன். காய்ந்ததும் உரித்து எடுத்தேன். எல்லோரும் தாளை எட்டிப் பார்த்தார்கள்.

"படிங்க" என்றார் செல்லம்மாள்.

நான் வாயைத் திறந்தேன். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து காளியண்ணனின் குரல் வந்தது.

"அவரக் கேக்காதீங்க, அம்மிணி. அது மாரப்பன் பேரு இல்லீங்க. நாந்தான் பொய் சொன்னேன்."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு சுருங்கிப் போயிருந்தது. செல்லம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப அதுல என்னதான் எழுதியிருக்குதுங்க?"

"அந்தத் தேசத்து ராசா ஒருவன்ரை பேர். அவன்ரை தகப்பன் பேர். மூண்டாவது வரி எனக்குத் தெரியாது. அந்த ராசா கட்டின கட்டடங்களிலை எல்லாச் செங்கல்லிலையும் இப்பிடித் தன்ரை பேரைக் குத்தி வைச்சானாம்."

"எல்லாச் செங்கல்லயுமா?"

"ஓம்."

"எங்கம்மா அத்தன வருசம் எவனோ ராசா பேருக்கா பொட்டு வெச்சாங்க?" என்று அவர் காளியண்ணன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "அவனுக்குச் செங்கல்லுக்குச் செங்கல் பேரு இருக்குது. எங்கண்ணன் பேரு எந்த ஊர்ல இருக்குது? சொல்லுங்கண்ணா. இந்தப் பலகையில இருக்குதா? ரெண்டு பேருன்னு போட்டிருக்குது. ரெண்டு பேருக்கும் பேரில்லியா?"

காளியண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க, அம்மிணி. மாரப்பன் நான் ஓட்டுன லாரியில கிளீனரு. படகுப் பாலத்துல ஏத்தறப்ப, எறக்கறப்ப, சக்கரத்துக்கு அடை குடுக்கோணும். அங்கங்க இந்தச் செங்கல் குப்பையாக் கெடக்கும். மொதல் நாள் அவன் பொறுக்குனதுதான் இது. ஒன்றர வருசம் வேற கல்லத் தொடலீங்க. தெனம் பத்து வாட்டி வெப்பான், எடுப்பான். அவன் போனதுக்கப்புறம் இத நான் சக்கரத்தடியில வெக்கவே இல்லீங்க. உட்டுட்டு வரவும் மனசு வல்ல. அதனாலதான் எம் பையில இருந்துச்சு. பேருன்னு சொன்னது பொய்யி. அவங் கைக் கல்லுங்கறது சத்தியமுங்க."

செல்லம்மாள் தூணை நெருங்கி வந்தார். பிறகு, "எந்தப் பக்கம் புடிப்பான்?" என்று கேட்டார்.

காளியண்ணன் செங்கல்லின் உடைந்த மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பள்ளம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. செல்லம்மாள் அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார். மற்ற விரல்கள் தாமாகவே விளிம்பைப் பிடித்தன. பிறகு அவர் மூக்கைச் சிந்திப் போட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, உங்களுக்குத் தமிழ் எழுத்து நல்லா எழுத வருமுங்களா?"

"அதுதான் என்ரை வேலை."

"அப்ப எழுதுங்க. இந்தப் பலகைக்குக் கீழ, கருங்கல்லுல."

மணியக்காரர் அரசாங்கத் தூணில் கை வைக்கலாமா என்று இழுத்தார். "பலகைதானுங்க அரசாங்கத்துது. கல்லும் சுண்ணாம்பும் நாம போட்டது" என்றார் செல்லம்மாள். மணியக்காரர் இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, சந்தையில் வெல்லம் வாங்க வேண்டியிருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். புத்திசாலியான மனிதர்.

வெட்டுகிற ஆளும் பக்கத்திலேயே அகப்பட்டார். சந்தைக்குச் சந்தை வந்து அம்மிக்கல் ஆட்டுக்கல் கொத்துகிறவர். உளியும் சுத்தியலுமாக எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. நீங்க போட்டுக் குடுத்தா, மேலயே கொத்திருவேன்" என்றார்.

அவரிடமிருந்த காவிக் கட்டியை வாங்கிக்கொண்டு மண்டியிட்டேன். "ரெண்டு பேர் எண்டு போட்டிருக்கு. மற்றவர் ஆர்?"

"சின்னான்" என்றார் காளியண்ணன். "கூலிப் பட்டாளத்துல வந்தவன். நாங்க எறங்குன பத்தாம் நாள் போயிட்டான். அவந்தான் மொதல்ல போனான். அவன் பேர மொதல்ல எழுதுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சின்னானின் ஆட்கள் ஊருக்குள் கலந்து நிற்பவர்கள் அல்லர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவர் செல்லம்மாளிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சத்தமாகவே பதில் சொன்னார்: "மொதல்ல செத்தவன் பேரு மொதல்ல. இதுல என்னங்க இருக்குது?" நான் எழுதத் தொடங்கினேன். மேலே சின்னான், கீழே மாரப்பன். கொழும்பில் ராஜாக்களின் பெயர்களை எழுதியிருக்கிறேன்; இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

உளி பேசத் தொடங்கிற்று. அம்மி கொத்துகிறவர் கோடாக வெட்டவில்லை. புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போனார். மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி வந்த இடங்களில் மட்டும் ஆழமாகப் போட்டார். "புள்ளி வெக்கறதுதானுங்களே நம்ம தொழிலு" என்றார். சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. செல்லம்மாளும் சிரித்துவிட்டார். காளியண்ணனைப் பார்த்து, "நின்னுட்டே இருக்கீங்களே, அவருக்குத் தண்ணி கொண்டாந்து குடுங்கண்ணா" என்றார். காளியண்ணன் ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு, ஓடினார்.

பிற்பகல் எழுத்து முடிந்தது. சேதி போயிருக்க வேண்டும். சந்தைச் சாலைக்கு எதிர்ப்புறம், எழுபது வயதுக் கிழவர் ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். சின்னானின் தகப்பன். சாலையைத் தாண்டி அவர் வரவில்லை.

"அங்கியே நின்னா என்ன தெரியும்? கிட்ட வாங்க" என்று கூப்பிட்டார் செல்லம்மாள். அந்த 'வாங்க'வைக் கேட்டு இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இன்னொரு தடவையும் 'வாங்க' என்றார்.

கிழவர் வந்தார். தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எம் பையன் எதுங்க, சாமி?"

மேல் வரியைக் காட்டினேன். விரலை வைக்கலாமா என்று கேட்டார். வையுங்கள் என்றேன். 'சி'யிலிருந்து கடைசிப் புள்ளி வரை மெல்லத் தடவினார். "இன்னொருக்காப் படிங்க" என்றார். படித்தேன். கீழே இருப்பதையும் படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன். மூன்று தடவை அப்படிப் படிக்கவைத்தார்.

காளியண்ணனின் வண்டி ஹாரன் அடித்தது. நான் படி எடுத்த தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். வண்டியில் ஏறும்போது, தலையில் கூடையோடு சந்தைக்கு வந்த அசலூர்ப் பெண் ஒருத்தி தூணுக்கு முன்னால் நின்று, "இது என்னங்க புதுசா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். விரலை மேல் வரியில் வைத்தார்.

"இது சின்னான். எம் பையனுங்க" என்று வாசித்தார். விரலைக் கீழே இறக்கினார். "இது மாரப்பன்."